அஸ்ஸாமின் எண்ணெயும் அஸ்ஸாமியரின் பங்கும்

(வாசிகசாலை ஆண்டு நிறைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



எண்ணெய் வளம் என்றதும் எம்மவர் மனக்கண்முன் தோன்றுவது அரபு நாட்டு மணற்காடு. அங்கே ஓர் அரசன். அவனுக்கு ஓர் எண்ணெய்க் கிணறு. அதற்குமேல் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், தனியரசு அல்லாத ஒரு மாநிலத்தின் நிலத்தடியில் எண்ணெய் கிடந்தால் அது யாருடையது? தோண்டியவனுடையதா? நிலத்தில் ஏர் ஓட்டுபவனுடையதா? மாநிலத்தினுடையதா? அன்றி, ஆயிரம் மைலுக்கு அப்பால் தலைநகரில் இருக்கும் மத்திய அரசினுடையதா? இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் ஒரு மாநிலத்தைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டோம். அதுதான் இந்தியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள அஸ்ஸாம். நாம் காலையில் அருந்துவது போன்ற தேயிலைக்குப் பேர்போன அதே அஸ்ஸாம்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டிரேக் என்பார் 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்டார். அதன்பின் எட்டே ஆண்டுகளில், 1867இல், அஸ்ஸாமின் மாக்கும் என்ற இடத்தில் 118 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார்கள். எனினும் அது வாணிபமாகப் பெருகவில்லை. பின்னர் நிலக்கரிக்காகவும் மரத்துக்காகவும் காட்டினூடே புகைவண்டிப் பாதை இட்ட கொம்பனி ஒன்று, 1889இல் டிக்பாய் என்னும் இடத்தில் துளையிடத் தொடங்கியது. மரம் இழுத்த யானைகளின் கால்களில் எண்ணெய் படிந்திருந்ததைக் கண்டு தோண்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, 1890இல் 662 அடி ஆழத்தில் முதற் கிணறு நிறைவேறியது மெய். அஸ்ஸாம் எண்ணெய்க் கொம்பனி 1899இல் உருவாயிற்று. 1901இல் டிக்பாயில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அந்த ஆலை இன்றும் இயங்குகிறது என்றால் வியப்பாகவே இருக்கும்.

1921இல் பர்மா எண்ணெய்க் கொம்பனி டிக்பாயின் ஆட்சியைக் கையேற்றது. எண்ணெய் அஸ்ஸாமினது, முதல் பிரித்தானியரது, இலாபம் கடல் கடந்து போயிற்று. 1939இல் டிக்பாய்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். அப்பொழுது மாநிலத்தில் காங்கிரஸ் மந்திரிசபையே இருந்தது என்பதையும், உலகப் போர் மூண்டதும் போர்க்காலச் சட்டங்கள் அந்தப் போராட்டத்தை நசுக்கின என்பதையும் சொல்லி மேலே செல்வோம்.

இங்கே விவசாய அன்பர்களுக்காகச் சற்று நிற்கவேண்டும். நிலத்தடி எண்ணெய் என்றால் குளம்போல், பாதாள ஏரிபோல் தேங்கிக் கிடப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. கடற்பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருப்பதுபோல, மணற்பாறையின் நுண்ணிய துளைகளிலே எண்ணெய் புகுந்து கிடக்கிறது. அதன்மேல் எதுவும் கசிய விடாத களிமண் பாறை மூடிபோல் கவிந்திருக்கிறது. மேலே வாயு, நடுவே எண்ணெய், கீழே உவர்நீர் என்ற ஒழுங்கில் அவை அடுக்காக நிற்கும். துளையிட்டதும் உள்ளிருக்கும் அமுக்கத்தால் எண்ணெய் மேலே வருகிறது. பேராசை கொண்டு மிக விரைவாக இழுத்தால் என்ன நிகழும்? யாழ்ப்பாணத்து விவசாயிக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. துலாவும் பட்டையுமாக நீர் இறைத்த காலத்தில் நன்னீராக இருந்த கிணறு, இயந்திரம் பூட்டி இரவு பகலாக இறைத்ததும் உவராகிப் போனதை அவர் தம் கண்ணாலேயே கண்டவர். எண்ணெய்க் கிணற்றிலும் அதுவே நிகழ்கிறது. கீழுள்ள உவர்நீர் கூம்புபோல் மேலேறி எண்ணெயின் வழியை அடைத்துவிடுகிறது. ஆகையால் நிலத்தடியில் எத்தனை கோடி தொன் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. எத்தனை தொன்னை வெளியே எடுக்க முடியும் என்பது வேறொரு கணக்கு. மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்தாலே நல்ல வயல் என்பார்கள். அரசியல்வாதி மேடையில் முழங்குவது முதற் கணக்கு. கஜானாவுக்கு வருவதோ இரண்டாவது கணக்கு. எங்கே எண்ணெய் கண்டதாகச் செய்தி வந்தாலும், சொல்லப்படுவது எந்தக் கணக்கு என்று முதலிற் கேட்க வேண்டும்.

இனி, சுதந்திரத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 1953இல் நாகர்கட்டியாவிலும் 1956இல் மொறானிலும் புதிய எண்ணெய் வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. டிக்பாய் இவற்றின் முன்னே சிறு பிள்ளை. 1959இல் ஒயில் இந்தியா என்ற கொம்பனி அமைந்தது. மூன்றில் இரண்டு பங்கு பர்மா எண்ணெய்க் கொம்பனியிடமும், மூன்றில் ஒரு பங்கு இந்திய அரசிடமும் இருந்தன. 1961இல் இருவரும் சரிபாதிப் பங்காளராயினர். 1981இல் அது முழுவதும் இந்திய அரசின் உடைமை ஆயிற்று. எண்ணெய், இயற்கை வாயு ஆணைக்குழுவும் தன் பங்குக்கு 1960இல் ருத்திரசாகரிலும், பின்னர் லக்வாவிலும், கெலெக்கியிலும் எண்ணெய் கண்டது. மேல் அஸ்ஸாம் முழுவதும் தேயிலைச் செடிகளுக்கிடையே துளையிடும் கோபுரங்கள் எழுந்தன. வெள்ளையர் போய்விட்டார்கள், இனி எண்ணெயின் பயன் எமக்கே என்று அஸ்ஸாமியர் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. எண்ணெய் அஸ்ஸாமில், ஆனால் அதனைச் சுத்திகரிக்கும் பேராலை பீகார் மாநிலத்துப் பரௌனியில் என்று மத்திய அரசு தீர்மானித்தது. அஸ்ஸாம் எல்லைப்புறம், போர் வந்தால் ஆபத்து என்றார்கள். சந்தை தூரம் என்றார்கள். போக்குவரத்துக் கடினம் என்றார்கள். காரணங்களில் முற்றிலும் உண்மை இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் இதே அஸ்ஸாமின் அதே எல்லைப்புறத்தில் 1901 முதல் ஒரு வெள்ளைக்காரக் கொம்பனி ஆலை நடத்திக் காட்டவில்லையா? அவனுக்கு இயன்றது சுதந்திர அரசுக்கு ஏன் இயலாது போயிற்று? 1957 அளவில் கட்சி வேறுபாடின்றி அஸ்ஸாம் மக்கள் ஆலைக்காகக் கிளர்ந்தெழுந்தனர். இறுதியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. உருமேனிய நாட்டின் உதவியோடு கௌகாத்தியை அடுத்த நூன்மாட்டியில் சிறிய ஆலை. சோவியத் நாட்டின் உதவியோடு பரௌனியில் பெரிய ஆலை. நூன்மாட்டி ஆலையை 1962 ஜனவரி 1ஆந் திகதி நேரு திறந்துவைத்தார். அதன் ஆற்றல் ஆண்டுக்கு ஏழரை இலட்சம் தொன். 1964இல் தொடங்கிய பரௌனியோ 1969 அளவில் முப்பது இலட்சம் தொன்னுக்கு விரிந்தது. அஸ்ஸாமின் எண்ணெயை அங்கே கொண்டுசெல்ல 1157 கிலோமீற்றர் நீளமான குழாய் நிலத்தடியிற் புதைக்கப்பட்டது.

ஒரு செய்தியை இடையே கூறவேண்டும். 1950 முதல் 1957 வரை அஸ்ஸாமின் முதலமைச்சராக இருந்தவர் விஷ்ணுராம் மேதி. எண்ணெயின் உரிமைப் பங்குக்காகவும் ஆலைக்காகவும் மத்திய அரசோடு வாதாடியவர். அவர் பதவி நீங்கியபின் 1958இல் சென்னை மாநிலத்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். வாதாடியதற்குக் கிடைத்த பரிசே அந்தத் தூரத்து மாளிகை என்று கருதும் அஸ்ஸாமியர் பலர். நாம் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. ஆயினும் ஆளுநர் பதவி சில வேளைகளில் எதற்குப் பயன்படும் என்பதை அரசியல் தெரிந்தவர் அறிவர்.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். இந்திய அரசியலமைப்பின்படி எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்துவதும் அபிவிருத்தி செய்வதும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. தரையிலே கிடக்கும் கனிமம் மாநிலத்துக்கு உரியதுதான். தோண்டும் குத்தகையை மாநில அரசே வழங்குகிறது. ஆனால் மத்திய அரசின் முன் அனுமதி இன்றி வழங்க முடியாது. உரிமைப் பங்கு, அதாவது றோயல்டி, எவ்வளவு என்பதை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்திய அரசே நிர்ணயிக்கிறது. காணி உமது பெயரில். குத்தகைக்காரனைத் தெரிவதற்கு அனுமதி தருபவரும் குத்தகைப் பணத்தைத் தீர்மானிப்பவரும் வேறொருவர். கடலடி எண்ணெய்க்கு அந்தப் பெயரளவு உரிமைகூடக் கரையோர மாநிலத்துக்கு இல்லை. அது முற்றாக மத்திய அரசினுடையது. இயற்கை வாயு பற்றிச் சட்டமியற்ற மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டா என்று குஜராத் தொடர்பில் எழுந்த கேள்விக்கு, இல்லை என்று 2004இல் உயர் நீதிமன்றம் விடை பகர்ந்தது.

றோயல்டியோடு கதை முடியவில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் மசகெண்ணெய்மீது மத்திய அரசு ஒரு தீர்வையும் விதிக்கிறது. அந்தப் பணத்தில் மாநிலத்துக்குப் பங்கு இல்லை. இதனினும் நுட்பமானது ஒன்று உண்டு. பெற்றோல், மண்ணெண்ணெய் விலையைக் குறைத்து வைப்பதற்காக, எண்ணெய் எடுக்கும் கொம்பனிகள் சுத்திகரிப்பாளருக்குக் கழிவு விலையில் எண்ணெய் கொடுக்கும்படி மத்திய அரசு பணித்தது. றோயல்டியும் அந்தக் கழிவு விலையின்மேல் கணக்கிடப்பட்டது. அதாவது, நாடு முழுவதற்குமான விலைச் சலுகையின் ஒரு பகுதியை எண்ணெய் மாநிலங்கள் தம் பையிலிருந்து கொடுத்தன, அதுவும் கேட்கப்படாமலே! குஜராத் இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்று 2013இல் வென்றது. 2014 பெப்ரவரி முதல் முழு விலையின்மேல் றோயல்டி கொடுக்குமாறு உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை இட்டது. அஸ்ஸாமுக்கு உரிய நிலுவையைத் தருவதற்கு 2016இல் மத்திய அரசு இணங்கியது.

எண்ணெய்ப் போராட்டத்தின் உச்சம் 1979, 1980ஆம் ஆண்டுகளில் வந்தது. குருதி தருவோம், எண்ணெய் தரோம் என்பது அன்றைய முழக்கம். மசகெண்ணெய் அஸ்ஸாமை விட்டு வெளியேறாதபடி மறித்தார்கள். ஓராண்டளவு பரௌனிக்கு எண்ணெய் செல்லவில்லை. அந்தப் போராட்டத்தின் முதற் கோரிக்கை எண்ணெய் அன்று. வெளிநாட்டிலிருந்து குடியேறியோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கவேண்டும் என்பதே. எண்ணெய் அதற்கு ஆயுதமாயிற்று. அந்தக் கொதிப்பிலே 1983இல் நெல்லி என்ற பகுதியில் ஏழை முஸ்லிம் குடியானவர்கள், பெண்களும் குழந்தைகளுமாக, ஆயிரக்கணக்கிற் கொலையுண்டார்கள். உரிமைப் போராட்டத்தைப் போற்றும் நாம் இதனை மறைத்துப் பேசினால் அது நேர்மையாகாது. டில்லி இழைத்த அநீதிக்கு நெல்லியின் குடியானவர் என்ன செய்தார்?

1985 ஆகஸ்ட் 15ஆந் திகதி கையெழுத்தான அஸ்ஸாம் உடன்படிக்கையில் மாநிலத்தில் ஓர் எண்ணெய் ஆலை நிறுவப்படும் என்ற வாசகமும் இடம்பெற்றது. முன்னரே 1979இல் பொங்காய்கானில் ஓர் ஆலை வந்திருந்தது. உடன்படிக்கையின் ஆலை நுமாலிகாரில் எழுந்து 2000ஆம் ஆண்டில் வாணிப உற்பத்தி தொடங்கியது. வாக்குறுதிக்கும் ஆலைக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். இவ்வாறு அஸ்ஸாமுக்கு நான்கு ஆலைகள் கிடைத்துவிட்டன. ஆனால் காலம் ஒரு விளையாட்டு விளையாடியது. ஆலைகள் வந்து சேர்ந்தபொழுது வயல்கள் முதுமை எய்திவிட்டன! நான்கு ஆலைகளும் சேர்ந்து ஆண்டுக்கு எழுபது இலட்சம் தொன் அளவில் சுத்திகரிக்கக் கூடியவையாக இருந்தபோது, அஸ்ஸாமின் உற்பத்தி நாற்பது இலட்சம் தொன்னை ஒட்டியே நின்றது. பரௌனிக்கு எண்ணெய் கொண்டுபோகப் புதைத்த அதே குழாயின் ஒரு பகுதியில், பின்னாளில், வெளியிலிருந்து வந்த எண்ணெயைப் பொங்காய்கானுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நுமாலிகார் ஆலையை ஆண்டுக்கு தொண்ணூறு இலட்சம் தொன்னுக்கு விரிக்கும் திட்டமும், ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்திலிருந்து குழாய் வழியே வரும் அந்நிய எண்ணெயை நம்பியே வகுக்கப்பட்டது. எண்ணெய் வெளியே போகக் கூடாது என்று போராடிய நாட்டுக்கு இன்று எண்ணெய் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

ஆயினும் அஸ்ஸாமை வற்றிய பசு என்று எண்ணிவிடாதீர்கள். 2023-24இல் இந்தியா முழுவதும் எடுத்த மசகெண்ணெய் ஏறத்தாழ 290 இலட்சம் தொன். அதில் ஏழில் ஒரு பங்களவு அஸ்ஸாமினது. இந்தியா தன் தேவையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு. அத்தகைய நாட்டுக்கு இந்த ஏழில் ஒரு பங்கு சிறிதன்று.

வாயுவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நாகர்கட்டியாவில் எண்ணெயோடு கலந்தே வாயு வந்தது. அதனைக் கொண்டுசெல்லக் குழாயும் இல்லை, வாங்குவாரும் இல்லை. ஆகையால் கொளுத்தினார்கள். பல்லாண்டு காலம் மேல் அஸ்ஸாமின் இரவுகளில் அந்தத் தீக்கொழுந்துகள் அணையவில்லை. அந்த வெளிச்சத்தின் அருகே மின்சாரமே இல்லாத குடிசைகள் இருந்தன. சிறிது சிறிதாகவே வாயுவுக்கு வேலை கிடைத்தது. 1962இல் மாநில அரசு தானே ஒரு வாயுக் கொம்பனியை நிறுவிற்று. தேயிலைத் தோட்டங்கள் கொழுந்தை உலர்த்துவதற்கு அதன் வாயுவை வாங்கின. நாம்ரூப் என்னும் இடத்தில் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். 1969இல் அங்கே யூரியா உரம் செய்யத் தொடங்கினார்கள். வயலுக்கு வீசும் வெள்ளை உரம் இயற்கை வாயுவிலிருந்து பிறப்பது என்பதை எமது விவசாயிகள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இன்று அஸ்ஸாம் ஆண்டுக்கு முந்நூறு கோடி கனமீற்றருக்கு மேல் வாயு எடுக்கிறது. பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்யும் லெபெட்கட்டா ஆலை 2016இல் திறக்கப்பட்டது. இதுவும் 1985ஆம் ஆண்டு உடன்படிக்கைக் காலத்தின் எதிர்பார்ப்புகளில் ஒன்றே. முப்பது ஆண்டு கழித்து வந்தது.

வாயுவின் மறுமுகத்தைப் பாக்ஜான் கண்டது. தின்சுகியா மாவட்டத்தில், டிப்ரு சைகோவா தேசிய வனத்துக்கும் மகுரி மொட்டாபுங் என்னும் நீர்நிலைக்கும் அருகே உள்ள ஊர் அது. 2020 மே 27ஆந் திகதி அங்குள்ள ஐந்தாம் இலக்கக் கிணற்றில் திருத்த வேலை நடந்துகொண்டிருந்தபொழுது வாயு கட்டுக்கடங்காமற் பீறிட்டது. ஜூன் 9ஆந் திகதி அது தீப்பற்றியது. தீயணைப்பாளர் இருவர் மாண்டனர். வீடுகள் எரிந்தன. கொள்ளைநோய் உலகை முடக்கியிருந்த அந்த நாட்களிலே ஆயிரக்கணக்கான மக்கள் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வாயுவோடு வந்த எண்ணெய்த் துளிகள் நெல்வயலிலும், கமுகிலும், தேயிலைக் கொழுந்திலும், மீன் வாழும் நீரிலும் படிந்தன. கனடாவிலிருந்து தருவித்த இயந்திரத்தின் துணையோடு நவம்பர் 15ஆந் திகதியே தீயை அணைத்தார்கள். வாயு பீறிட்ட நாளிலிருந்து 172 நாட்கள்! ஒரு போகம் விதைத்து அறுக்கும் காலத்திலும் அது அதிகம்.

இங்கே வரும் வழியில் விவசாய அன்பர் ஒருவர், என் காணியில் எண்ணெய் வந்தால் எனக்கு என்ன கிடைக்கும், தம்பி? என்று கேட்டார். சிரித்துவிட்டு வரவேண்டிய கேள்வியன்று அது. அஸ்ஸாமிய விவசாயிக்குக் கிடைப்பது மேல்மண்ணின் விலையும் பயிர்ச்சேதமும் மட்டுமே, கீழிருப்பது அவருடையதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலோ, காணிக்காரன் விற்றோ பிரித்தோ கொடுத்திருந்தாலன்றி, அடியிலுள்ள எண்ணெயும் அவனுடையது. கொம்பனி அவனிடமே குத்தகை பேசுகிறது. அதே அமெரிக்காவின் அலாஸ்கா மூன்றாவது வழியில் சென்றது. 1959இல் மாநில அந்தஸ்துப் பெற்றபோதே பரந்த நிலத்தையும் அதன் அடிவளத்தையும் அது தன்னுடையதாக்கிக்கொண்டது. 1968இல் பேரளவு எண்ணெய் அகப்பட்டது. 1976இல் மாநில அரசியலமைப்பையே திருத்தி, கனிம வருவாயில் குறைந்தது நாலிலொரு பங்கை நிரந்தர நிதியில் இடவேண்டும் என்று விதித்தார்கள். 1982இல் அந்த நிதியின் இலாபத்திலிருந்து குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் டொலர் பகிர்ந்தார்கள். ஆண்டுதோறும் கைக்கு வரும் பணத்தின் இனிமையிற் பாடசாலைச் செலவுகூடத் தர்க்கப் பொருளாகிவிட்டது என்ற குறை அங்கும் உண்டு. ஆனால் எவ்வளவு சேமிப்பது, எவ்வளவு பகிர்வது என்று அந்த மாநிலமே இருந்து சண்டை பிடிக்கிறது. அஸ்ஸாமுக்கு அந்தச் சண்டையைப் பிடிக்கும் வாய்ப்பும் இல்லை.

எமது மன்னாரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1970களில் சோவியத் நிபுணரின் உதவியோடு பேசாலையில் துளையிட்டார்கள். பயன்தரும் எண்ணெய் கிட்டவில்லை. 2011இல் மன்னார்க் கடலில் இரண்டு கிணறுகளில் இயற்கை வாயு அகப்பட்டது. கண்டுபிடித்த கொம்பனி 2015இல் விலகிச் சென்றது. அந்த இரண்டு கிணறுகளிலிருந்தும் வாயு கரை சேரவில்லை. இந்நாட்டிலும் பெற்றோலிய விடயம் மாகாணத்தின் பட்டியலில் இல்லை. மத்திக்கென ஒதுக்கிய பட்டியலில் இருக்கிறது. வாயு கரைக்கு வரும் நாளில், மன்னார்க் கடற்றொழிலாளிக்கு என்ன பங்கு, கடல் கெட்டால் யார் பொறுப்பு என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதை, வந்திருக்கும் சட்டத்தரணிகள் எடுத்துச் சொன்னால் நன்று. அவர்களுக்கு இடம்விட்டு அமர்கின்றோம்.